கேட்காத புத்தி: போக்கர் மேசையில் அறிவும் அந்தஸ்தும்

1

இணையவழிப் போக்கர் மேசைகளில் தவறாமல் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருப்பார். யாரும் அவரை நியமிக்கவில்லை, சம்பளமும் கிடையாது. ஒரு ஆட்டம் முடிந்து, நடுவில் குவிந்திருந்த பணம் வேறொருவர் பக்கம் போன மறுநொடியே அரட்டைப் பெட்டியில் அவருடைய வரிகள் ஓடத் தொடங்கும். 'அந்தச் சீட்டை வெச்சிக்கிட்டு யாராவது காசு கட்டுவாங்களா?' 'அங்கேயே கவிழ்த்திருக்கணும்.' 'கணக்குத் தெரியாம ஏன் வந்து உட்கார்றே?' ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் கிடையாது. ஆனாலும் இவற்றைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் 'நீ' என்றுதான் வருகிறது. 'நீங்கள்' ஒட்டமாட்டேன் என்கிறது. மேலே இருப்பவர் யார், கீழே இருப்பவர் யார் என்பதை வாக்கியமே சொல்லிவிடுகிறது.

ஆட்டக்காரர்கள் இவரைக் கேலியாக 'மேசைப் பயிற்சியாளர்' என்கிறார்கள். இவரை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டால் பதில் ரொம்பச் சுலபம்: அரட்டைப் பெட்டியை மூடிவிடுங்கள். ஒரு சொடுக்கு, முடிந்தது. ஆனால் அவர் எதற்காகப் பேசுகிறார் என்ற கேள்வி அந்தச் சொடுக்கோடு முடிவதில்லை. கேட்காதவருக்குப் புத்தி சொல்வது நமது இலக்கியக் கூட்டங்களிலும் இயக்க அலுவலகங்களிலும் அன்றாடம் நடக்கிற காரியம். போக்கர் மேசையில் அது பணத்தோடும் எண்களோடும் நடப்பதால் அதன் உள்விவகாரம் வெளியே தெரிகிறது. அதனாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது.

2

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பரவலாக ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டம் என்ற வகையில் ஒவ்வொருவருக்கும் 2 சீட்டு, மற்றவர் பார்க்க முடியாதபடி. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று திறக்கப்படும். இடையிடையே நான்கு சுற்றுப் பந்தயம். பந்தயத்துக்கு ஈடாகக் காசு கட்டலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். 7 சீட்டிலிருந்து சிறந்த 5 சீட்டைச் சேர்த்தவருக்கு நடுப்பணம். அல்லது மற்ற எல்லோரையும் பயமுறுத்திக் கவிழ்க்க வைத்தவருக்கு.

ஒரு உதாரணம். உங்கள் கையில் இரண்டு ஆட்டின். திறந்திருக்கும் 4 பொதுச்சீட்டில் இன்னும் இரண்டு ஆட்டின். ஐந்தாவது ஆட்டின் வந்தால் ஜெயித்துவிடுவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 13 ஆட்டினில் 4 கண்ணில் பட்டுவிட்டது, மிச்சம் 9. நீங்கள் பார்க்காத சீட்டு 46. ஆக வாய்ப்பு 46-க்கு 9, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. நடுவில் 100 டாலர் இருக்கிறது, எதிராளி 50 கட்டுகிறார். நீங்கள் 50 கட்டினால் கிடைக்கக்கூடியது 150. இது கட்டுப்படியாக வேண்டுமென்றால் நாலில் ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும். உங்களுக்கு அவ்வளவு வாய்ப்பில்லை. கடைசிச் சுற்றில் மேற்கொண்டு பந்தயம் இல்லையென்று கொண்டால், இப்படி ஒவ்வொரு தடவை காசு கட்டும்போதும் சராசரியாக 11 டாலர் அளவுக்கு உங்களிடமிருந்து எதிராளிக்குப் போகிறது. எதிராளி 50-க்குப் பதில் 20 மட்டும் கட்டியிருந்தால் கணக்கு மாறிவிடும். அப்போது காசு கட்டுவதுதான் சரி.

நீங்கள் 50 கட்டினீர்கள், ஆட்டின் விழுந்தது, ஜெயித்துவிட்டீர்கள். எதிராளி திட்டத் தொடங்குகிறார்: 'கவிழ்க்கணும்னு தெரியாதா?'

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். நீங்கள் செய்தது தப்பென்றால், அந்தத் தப்பால் காலப்போக்கில் லாபமடையப் போகிறவர் அவர்தான். போக்கர் கோட்பாட்டாளர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி இதைத்தான் போக்கரின் அடிப்படைத் தேற்றம் என்று வகுத்தார்: உன் சீட்டு தெரிந்திருந்தால் எதிராளி எப்படி ஆடியிருப்பாரோ அதிலிருந்து விலகி அவர் ஆடும்போதெல்லாம் உனக்கு ஆதாயம். அப்படியானால் எதிராளியைத் திருத்துகிறவர் தன் வருமானத்தில் தானே மண் போட்டுக்கொள்கிறார். கணக்குத் தெரியாதவன் என்று உங்களைத் திட்டுகிறவர் செய்வது, கணக்குக்கு முற்றிலும் எதிரான காரியம்.

3

ஆகவே அவர் தேடுவது பணம் கிடையாது, அந்த நொடியிலாவது. காசு வைக்காமல், இலவசச் சில்லுகளை வைத்து ஆடும் மேசைகளில் நான் நிறைய நேரம் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். சில்லு தீர்ந்தால் தளமே மறுபடி தரும். இழக்க ஒன்றுமில்லாத அந்த இடத்திலும் வாத்தியார் இருக்கிறார், அதே கோபத்தோடு. பணம் போனதால் வருகிற எரிச்சல்தான் இது என்ற விளக்கம் அங்கே நிற்கவில்லை.

அவர் பேசுகிற நேரத்தைப் பாருங்கள். தோற்றபிறகுதான் பேசுகிறார். நீங்கள் அதே மோசமான சீட்டோடு காசு கட்டித் தோற்றிருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டார். இரண்டு ஏஸ் என்பது கிடைக்கக்கூடியதில் மிகச்சிறந்த கைச்சீட்டு. அதை ஒரே இனத்து ஏழும் ஆறும் எதிர்த்து நின்றால்கூட, ஏறக்குறைய நூற்றுக்கு 23 தடவை ஏழும் ஆறும் ஜெயிக்கும். இதை அவர் நன்றாக அறிவார், மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் அந்த 23 தன் மேல் விழும்போது, விழுந்தது எண்ணிக்கையாகத் தெரிவதில்லை, அவமானமாகத் தெரிகிறது. தன்னைவிடத் தாழ்ந்தவனிடம் தோற்றுவிட்டோம். சீட்டு குலைத்துவிட்ட வரிசையைச் சொல் திரும்ப அடுக்கி வைக்கிறது: பணம் உன்னிடம் போயிருக்கலாம், அறிவு என்னிடம்தான் இருக்கிறது.

தமிழில் 'யோசனை கேட்டான்' என்கிறோம். கேட்காமல் வருவதைப் 'புத்தி சொன்னான்' என்கிறோம். கொடுக்கப்படுவது புத்தி என்றால், வாங்குகிறவனிடம் அது இல்லை என்பது முதலிலேயே தீர்மானமாகிவிட்டது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழாக் ரான்சியேர் 1987-இல் எழுதிய 'அறியாமை ஆசான்' என்ற நூலில் இதை விளக்கம் என்ற செயலுக்கே விரித்துக்கொண்டு போகிறார். ஃபிளெமிஷ் மொழி தெரியாத ழோசஃப் ழாக்கோத்தோ என்ற ஆசிரியர், 1818-இல் லூவேன் நகரில், பிரெஞ்சு தெரியாத மாணவர்களுக்கு விளக்கமில்லாமலேயே பிரெஞ்சு கற்க வழிசெய்த கதை அது. மாணவனால் தானாகப் புரிந்துகொள்ள முடியாது என்ற கற்பனையை விளக்குகிறவன்தான் உருவாக்குகிறான் என்பது ரான்சியேரின் வாதம். மேசைப் பயிற்சியாளர் அந்த விளக்குகிறவனின் மலிவுப் பதிப்பு. அவருக்கு மக்கு ஒருவர் வேண்டும். மக்கு இல்லாமல் அவர் தோல்விக்குக் காரணம் கிடைக்காது.

இன்னொரு ரகமும் உண்டு. எதிராளியை நிலைகுலைய வைப்பதற்காகவே வாத்தியார் வேஷம் போடுகிறவர். கோபத்தில் கண்டபடி ஆடுவதைப் போக்கர்காரர்கள் 'டில்ட்' என்கிறார்கள். பின்பால் எந்திரத்தை ஆட்டினால் அது நின்றுபோவதற்கான பெயர் அது. இந்த ஆளிடம் அறிவுரை ஒரு ஆயுதம், அவ்வளவுதான். இவரைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

4

சரி, அவர் சொல்கிற 'சரியான ஆட்டம்' என்பதாவது உறுதியானதா?

முந்தின சுற்றில் பந்தயத்தை உயர்த்தியவர் ஒருவர், அவருக்கு முன்னால் பேசவேண்டியவர் இன்னொருவர். வழக்கப்படி முன்னவருக்கு மரியாதை கொடுத்துப் பேசாமல் விட வேண்டும். விடாமல் தானே முதலில் பந்தயம் கட்டினால் அதற்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'டாங்க்' பந்தயம். டாங்க் என்றால் டாங்கி, கழுதை. கழுதைதான் அப்படிக் கட்டும் என்பது நெடுநாள் சாத்திரம். 2019-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய 'புளூரிபஸ்' என்ற நிரல், ஆறு பேர் மேசையில் முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஜெயித்தது. மனிதர் ஆடிய ஆட்டங்களைப் பார்த்து அது கற்கவில்லை. தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டது. அந்தக் கழுதைப் பந்தயத்தைத் தொழில்முறையாளர்களைவிட அது அதிகமாகக் கட்டியது என்று அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இதனால் கழுதைகள் எல்லாம் மேதைகள் என்று ஆகிவிடாது. தெரியாமல் கட்டியவர் தெரியாமல்தான் கட்டினார். ஆனால் கேலியைச் சாத்திரமாக்கி வைத்திருந்தவர்களுக்கும் தெரியவில்லை என்பதே இதில் வெளிப்படுவது. போதாக்குறைக்கு, இப்படிப்பட்ட நிரல்கள் பல இடங்களில் ஒரே கைச்சீட்டுக்குச் சில தடவை கட்டு, சில தடவை கவிழ் என்று விகிதம்தான் தருகின்றன. 'அங்கே கவிழ்த்திருக்கணும்' என்கிற ஒற்றைத் தீர்ப்புக்கு அங்கே இடமே இல்லாமல் போகிறது. முடிவைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தவனை எடைபோடுவதைப் போக்கர் வட்டாரத்தில் 'ரிசல்ட்டிங்' என்கிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த ஆனி டியூக் 2018-இல் இதை ஒரு நூலாகவே விரித்து எழுதினார். மேசைப் பயிற்சியாளர் மற்றவர் வெற்றியை அதிர்ஷ்டம் என்கிறார், தன் வெற்றியைத் திறமை என்கிறார். இரண்டுக்கும் ஒரே சீட்டுக்கட்டு.

5

இனி மேசையில் பேசாமல் இருப்பவர்களைப் பார்க்கலாம். நேரில் ஆடும் போட்டிகளில் ஒரு கைக்கு ஒரே ஆட்டக்காரர் என்று விதி இருக்கிறது. போட்டி நடத்துநர்கள் சங்கத்தின் விதிகள், மற்றவர் ஆட்டத்தைப் பற்றி எந்த நேரத்திலும் யோசனை சொல்வதையும் விமர்சிப்பதையும் தடைசெய்கின்றன. நம்மூர்த் திண்ணையில் 'வேடிக்கை பாக்குறவன் வாயை மூடு' என்பதும் இதுதான். மேசை எல்லோருக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்ற நியாயம் இதில் இருக்கிறது.

ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் வேறொரு விதியும் புழங்குகிறது: 'கண்ணாடியைத் தட்டாதே.' மீன்தொட்டிக் கண்ணாடியைத் தட்டினால் மீன் மிரண்டு ஓடிவிடும். மீன் என்றால் ஆடத் தெரியாமல் பணம் இழக்கிறவர். அவரிடம் பணிவாக இரு, 'நல்லா ஆடினீங்க' என்று சொல், தோற்ற கடுப்பைக் காட்டாதே. இங்கே வாத்தியாரைக் கண்டிக்கிறவர்கள், அவர் அவமானப்படுத்துகிறார் என்பதற்காகக் கண்டிக்கவில்லை. மீனை விரட்டுகிறார், அல்லது அதற்கு நீந்தக் கற்றுக்கொடுத்துவிடுகிறார் என்பதுதான் புகார்.

2003-இல் டென்னசியைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் சிறுதொகைத் தகுதிப்போட்டி ஒன்றில் ஜெயித்து, லாஸ் வேகாசில் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்குப் போய், 839 பேர் கலந்துகொண்ட அதில் வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். மறுவருஷம் கலந்துகொண்டவர்கள் 2,576, 2006-இல் 8,773. சாதாரண ஆளும் ஜெயிக்கலாம் என்ற கதை இணைய மேசைகளை நிரப்பியது. போக்கரில் வீட்டுக்காரன், அதாவது தளம், ஆடுவதில்லை. ஒவ்வொரு நடுப்பணத்திலிருந்தும் ஒரு கமிஷன் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எல்லோருடைய இழப்பும் லாபமும் கூட்டினால் பூஜ்யத்துக்குக் கீழேதான் நிற்கும். சிலர் பிழைக்க வேண்டுமென்றால் பலர் தொடர்ந்து இழக்க வேண்டும். இழந்தும் எழுந்து போகாமல் இருக்க வேண்டும்.

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1952-இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்குப் பொருந்துகிறது. மோசடிக்காரர்கள் ஒருவனை ஏமாற்றிப் பணத்தைப் பறித்த பிறகு, தங்களில் ஒருவரை அவனோடு விட்டுவிட்டுப் போவார்கள். ஏமாந்தவன் ஆத்திரப்பட்டுப் போலீசுக்குப் போகாமல், நடந்ததை ஏற்றுக்கொண்டு அமைதியாகும்படி அவனைத் தணிப்பது அந்த ஆளின் வேலை. தோல்வியடைந்தவர்களைச் சமூகம் எப்படியெல்லாம் தணித்து அனுப்புகிறது என்று காஃப்மன் அதிலிருந்து விரிவாக்கிக்கொண்டு போகிறார். போக்கர் மேசையின் 'நல்லா ஆடினீங்க' இந்த வகைத் தணிப்பு. ஒரே ஒரு வித்தியாசம்: காஃப்மனின் ஆளை வீட்டுக்கு அனுப்புவதற்காகத் தணிக்கிறார்கள், இங்கே நாற்காலியிலேயே இருத்துவதற்காகத் தணிக்கிறார்கள். திட்டுகிறவனைவிட இந்த மரியாதைக்காரனிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

6

திறமை என்ற சொல்லுக்கு வருவோம். இங்கே அது நம் நீதிமன்றம் வரை வந்த விவகாரம். பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்த நிலையில், தமிழ்நாடு சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று அது பட்டியலிட்டிருந்தது. அதே வருஷம் நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், இவை திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அந்தப் பட்டியலை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும் தடைக்குள் கொண்டுவந்தது.

போக்கரில் திறமை இருக்கிறது என்பது உண்மை; மேலே போட்ட கணக்கே சாட்சி. என் கவலை, அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்பதில். கம்பெனிக்கு அது உரிமம். தோற்றவனுக்கு அதுவே குற்றச்சாட்டு. திறமை விளையாட்டில் தோற்றால் தோற்றவன்தான் காரணம்; கமிஷன் காரணமில்லை, பலர் தோற்றால்தான் ஓடும் அமைப்பு காரணமில்லை. 'உனக்கு ஆடத் தெரியல' என்று வாத்தியார் அரட்டைப் பெட்டியில் எழுதுவதும், கம்பெனியின் விளம்பரம் திறமை என்று மினுக்குவதும் ஒரே சொல்லாடலின் இரண்டு குரல்கள். இரண்டையும் கேட்டவன் என்ன செய்வான்? கற்றுக்கொண்டால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று இன்னொரு தடவை காசு போடுவான்.

7

நடைமுறைக்கு என்ன செய்வது?

அரட்டைப் பெட்டியை மூடலாம். இதில் கோழைத்தனம் ஏதுமில்லை. பதில் சொல்லி வாதிட்டால் அவர் போட்டு வைத்திருக்கும் விசாரணைக் கூண்டில் நாமே ஏறி நிற்கிறோம். அடுத்த முடிவெடுக்க இருக்கிற சில நொடிகளும் அதிலேயே போய்விடும். மூடாமல் வைத்திருக்க விரும்புகிறவர்கள், அவர் சொல்வதை அறிவுரையாகக் கொள்ளாமல் தகவலாகப் படிக்கலாம். பலவீனமான சீட்டோடு காசு கட்டியதற்கு ஆத்திரப்படுகிறவர், தான் அந்த இடத்தில் கவிழ்ப்பேன் என்று வாக்குமூலம் தருகிறார். அவருக்கு எதிராகப் பொய்யாட்டம் ஆட வேண்டிய இடம் எதுவென்று அவரே காட்டிவிட்டார். உண்மையாகக் கற்க நினைத்தால் மேசைக்கு வெளியே, உங்கள் தோல்வியில் லாபம் இல்லாத ஒருவரிடம், நீங்களாகக் கேளுங்கள்.

மேசைக்குள் சொல்லப்படும் எந்த வார்த்தையும் குற்றமற்றதாக இருக்க முடியாது. ஒருவர் பணம் இன்னொருவர் இழப்பாக இருக்கும் இடம் அது. அங்கே வாத்தியார் 'சரியாக ஆடு' என்கிறார், மரியாதைக்காரர் 'இப்படியே ஆடு' என்கிறார், தளம் 'இன்னும் ஆடு' என்கிறது. இழந்துகொண்டிருப்பவருக்கு உண்மையில் பயன்படக்கூடிய 'எழுந்து போ' என்ற வார்த்தையை மட்டும் அந்த மேசையில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். சொல்வதில் யாருக்கும் ஆதாயம் இல்லை.

இயக்கம் சார்ந்த நண்பர்களுக்கு இது தூரத்து விஷயமாகத் தெரியலாம். ஒரு வேலைநிறுத்தம் தோற்றபிறகு, வேலையும் சம்பளமும் போனவர்களிடம், அவர்கள் நிலைமையைத் தப்பாகக் கணித்ததாக வெளியிலிருந்து வந்து வகுப்பெடுக்கும் தோழரை நாம் பார்த்ததில்லையா? ஜெயித்திருந்தால் அதே கணிப்பைத் தன் வழிகாட்டல் என்று எழுதியிருப்பார். முதல் கவிதைத் தொகுப்போடு வருகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கேட்காத திருத்தங்களைச் சொல்லும் மூத்த எழுத்தாளரையும் நமக்குத் தெரியும். சொல்லும் விஷயம் சரியாகக்கூட இருக்கலாம். போக்கர் வாத்தியாரின் கணக்கும் பாதி நேரம் சரியானதுதான்.

ஆகவே புத்தி சரியா தப்பா என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. அவர் கேட்டாரா? அவர் இழப்பதில் எனக்கு ஏதாவது கிடைக்கிறதா? என் யோசனையை அவர் தூக்கி எறிந்துவிட்டால், அதன்பிறகும் அவரோடு நான் சமமாக உட்கார்ந்திருப்பேனா? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் ஆமாம் என்று சொல்ல முடிந்தவர் பேசலாம். முடியாதவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு அந்தச் சுற்றில் ஒதுங்கி இருக்கட்டும்.